கடன் பேச்சுக்கு ஒரு கெடு வையுங்கள்: ஜி20 நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜி20 நிதியமைச்சர்களுக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் அவையில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருக்கும் நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். 2023இல் இந்தியா ஜி20 தலைமை ஏற்றிருந்தபோது உங்கள் நிதிக் கூட்டங்களை நடத்தியவரும் அவர்தான். கடனில் சிக்கிய நாடுகளைப் பற்றிப் பேசவென்றே உருவான உலகக் கடன் வட்டமேசை அந்த ஆண்டு பிப்ரவரியில் பெங்களூருவில் கூடியது. அவர் இதைப் படித்து, மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் பொருளாதாரம் படித்தவள் கிடையாது. என் அக்கா குடும்பம் ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் இருக்கிறது. அத்தான் அங்கே பள்ளியில் கணக்கு ஆசிரியர். எழுபது, எண்பதுகளில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஏராளமானோர் ஆசிரியர் வேலைக்குப் போன நாடு அது. 2024 செப்டம்பர் கடைசியில் போய், முதல் மழை விழும்வரை அவர்களோடு இருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். அப்புறம் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன்.

2020 நவம்பர் 13ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கலாம். கடன் கட்ட முடியாத ஏழை நாடுகளின் கடனை, கொடுத்தவர்கள் சேர்ந்து பேசி மாற்றியமைக்கப் 'பொதுச் சட்டகம்' என்ற ஏற்பாட்டை நீங்கள் ஒப்புக்கொண்ட நாள் அது. அதே நாளில்தான் ஜாம்பியா, வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கடன் வாங்க விற்ற தன் டாலர் பத்திரங்களுக்கான 4.25 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அப்படிக் கைவிரித்த முதல் ஆப்பிரிக்க நாடு. இந்த ஏற்பாடு யாருக்காக உருவானதோ அந்த நாடு அன்றைக்கே வாசலில் வந்து நின்றது. 2021 தொடக்கத்தில் முறைப்படி விண்ணப்பமும் போட்டது.

அதற்குப் பிறகு நடந்தது இது. அந்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) அதிகாரிகள் ஒரு கடனுதவித் திட்டத்துக்குச் சம்மதித்தார்கள். ஆனால் கடன் கொடுத்த நாடுகள் உறுதிமொழி தராமல் பணம் வராது. சீனாவும் பிரான்சும் இணைத்தலைமை வகித்த, கடன் கொடுத்த நாடுகளின் குழு முதன்முறையாகக் கூடவே 2022 ஜூன் ஆகிவிட்டது. ஐ.எம்.எஃப் நிர்வாகக் குழு 130 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது ஆகஸ்டில். அரசுகளுக்குத் தர வேண்டிய 630 கோடி டாலர் கடன்மீது உடன்பாடு வந்தது 2023 ஜூனில், பாரிஸ் மாநாட்டில். பத்திரம் வைத்திருந்தவர்களோடு ஜாம்பியா பேசி முடித்த முதல் ஒப்பந்தத்தை, பத்திரக்காரர்கள் விட்டுக்கொடுப்பது எங்கள் விட்டுக்கொடுப்புக்கு ஈடாக இல்லை என்று 2023 நவம்பரில் உங்கள் குழு நிராகரித்தது. இரண்டாவது ஒப்பந்தம் 2024 மார்ச்சில் வந்து, ஜூனில் முடிந்தது. விண்ணப்பத்திலிருந்து கணக்கிட்டால் மூன்று ஆண்டுக்கு மேல்.

அந்த மூன்று ஆண்டும் யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

லுசாக்கா அழகான ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே, அகலமான சாலைகளோடு இருக்கிறது. நான் போன நேரம் ஜகரண்டா மரங்கள் பூத்து, தெரு முழுக்க ஊதாப் பூ உதிர்ந்து கிடந்தது. காலையில் யாரைப் பார்த்தாலும் நின்று, நலம் விசாரித்து, பதில் வாங்கிக்கொண்டுதான் நகர்வார்கள். அவசரத்தில் பேச்சைத் தொடங்கினால் முறையில்லை என்று அக்கா முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டாள். மினிபஸ்ஸில் ஏறினால்கூட முதலில் வணக்கம்தான், அப்புறம்தான் எங்கே இறங்க வேண்டும் என்ற பேச்சு.

அந்த ஊரில் அப்போது கரண்ட் இரவு 11 மணிக்கு வரும், விடிகாலை 2 மணிக்குப் போகும். எங்கள் தெருவின் முறை அது. வேறு பகுதிகளில் வேறு நேரம். சில இடங்களில் ஒரு நாள் முழுக்க வராமலும் போகும். நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அப்போது நீர்மின்சாரம். மழை பொய்த்தால் விளக்கு அணைந்துவிடும். 2024 பிப்ரவரி 29 அன்று அதிபர் ஹகெய்ண்டே ஹிச்சிலேமா வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். 116 மாவட்டங்களில் 84 பாதிக்கப்பட்டிருந்தன. மக்காச்சோளம் விதைத்த சுமார் 22 லட்சம் ஹெக்டேரில் 10 லட்சம் ஹெக்டேர் கருகிப்போயிற்று. முந்தைய ஆண்டு 32 லட்சம் டன்னுக்கு மேல் இருந்த விளைச்சல் 15 லட்சம் டன்னாகச் சரிந்தது.

உங்கள் அறிக்கைகளிலும் இந்த எண்கள் இருக்கும். அவை ஒரு வீட்டுக்குள் எப்படி வருகின்றன என்பதை நான் எம்டெண்டேரேயில் பார்த்தேன்.

லுசாக்காவில் ஏழை மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளைக் கம்பவுண்ட் என்பார்கள். எம்டெண்டேரே அவற்றில் ஒன்று. அக்கா தெருவில் காய்கறி விற்கும் அம்மா அங்கேதான் இருக்கிறார். ரேப் கீரை, பூசணி இலை, தக்காளி, சில நாள் காய்ந்த கப்பெண்டா மீன். சொந்தப் பிள்ளைகள் மூன்று, இறந்துபோன தங்கையின் மகள் ஒருத்தி. அவர்கள் வீட்டில் சாப்பாடு என்றால் ந்ஷிமா, மக்காச்சோள மாவைக் களி போலக் கிண்டுவது. அது இல்லாமல் எதைச் சாப்பிட்டாலும் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. கடையில் 25 கிலோ மாவு மூட்டை 350 குவாச்சாவை (குவாச்சா அந்த நாட்டு நாணயம்) தாண்டியபிறகு அவர் மூட்டை வாங்குவதை விட்டுவிட்டார். கையில் காசு குறைந்த நாளில் 'பமேலா' வாங்குவார். ஒரு வேளைக்கு வருகிற மாதிரி மாவைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பார்கள், அதற்கு அங்கே அந்தப் பெயர். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் மூட்டையைவிட விலை அதிகம். மொத்தமாக வாங்க முடியாதவர்களுக்கு எந்த ஊரிலும் இதுதானே நிலைமை.

காசு கொஞ்சம் சேர்ந்தால் மக்காச்சோளத்தை மேடாக் கணக்கில், அதாவது டப்பாவில் அளந்து வாங்கி, 'சிகாயோ'வில் அரைத்துக்கொள்வார். சிகாயோ என்றால் மாவு மில். தவிட்டோடு அரைத்த அந்த மாவு கொஞ்சம் பழுப்பாக இருக்கும், மலிவாக முடியும், வயிறும் நிறையும். ஆனால் மில் கரண்டில் ஓடுகிறது. டீசலில் ஓட்டினால் கூலி கட்டுப்படியாகாது. ஆகவே கரண்ட் வரும் நேரத்துக்குத்தான் அரைக்கப் போக வேண்டும்.

அக்கா வேண்டாம் என்றும் கேட்காமல் ஒரு நாள் இரவு நான் அவரோடு போனேன். பத்து மணிக்கே மில் வாசலில் பெண்கள் வரிசையாக வாளிகளை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முதுகில் சித்தெங்கேத் துணியால் கட்டிய குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. யாரோ ஒருத்தி போன் டார்ச்சைப் போட்டால், பேட்டரி வீணாகிறது அணை என்று மற்றவர்கள் சொல்வார்கள். போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் கடைக்குக் காசு தர வேண்டும். சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகளை முன்னால் விடுவது என்று மில்காரப் பையன் ஏதும் சொல்லாமலே அவர்களாக ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

அன்று கரண்ட் 11 மணிக்கு வரவில்லை. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. எல்லாரும் ஒரு சத்தம் போட்டு எழுந்தார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பையனின் இமையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. எங்கள் முறை வந்து, வாளியைக் கொட்டி, பாதி அரைபட்டபோது மோட்டார் நின்றது. நேரம் இன்னும் இருந்தது, ஆனாலும் போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை. அந்த அம்மா கீழே விழுந்திருந்த மாவை ஒரு பையில் அள்ளிக்கொண்டார். அரைபடாமல் மேலே நின்றுபோன சோளத்தை இன்னொரு பையில் வாங்கிக்கொண்டார். மாவில் கை விட்டுப் பார்த்து, இன்னும் சூடாக இருக்கிறது என்று என் கையிலும் கொஞ்சம் வைத்தார். காலை நான்கு மணிக்கு அவர் சோவெட்டோ சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போக வேண்டும். மீதிச் சோளத்துக்கு மறுநாள் இரவும் வர வேண்டும்.

அமைச்சர்களே, அந்த வரிசையில் நின்ற ஒருவருக்கும் டாலர் பத்திரம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் குவாச்சாவின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். 2023 ஜூனில், உங்கள் பாரிஸ் உடன்பாடு வந்த சமயம், ஒரு டாலர் 20 குவாச்சாவுக்குக் கீழே இருந்தது. நவம்பரில் பத்திர ஒப்பந்தத்தை நிராகரித்தீர்கள். 2024 பிப்ரவரியில் டாலர் 27 குவாச்சாவைத் தொட்டது. அந்தச் சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். நாட்டுக்கு டாலர் கொண்டுவரும் செம்பின் உற்பத்தி குறைந்ததும் காரணம். ஆனால் பேச்சுவார்த்தை முறியும் என்ற பயம் சந்தையில் இருந்தால் டாலரை யார் வெளியே விடுவார்கள்? பெட்ரோல் முழுக்க இறக்குமதி, சமையல் எண்ணெயிலும் உரத்திலும் பெரும்பகுதி இறக்குமதி. கடலோரம் இல்லாத நாடு, எட்டு நாடுகள் சுற்றியிருக்கின்றன. பெரும்பாலான சரக்கு லாரியில்தான் வந்தாக வேண்டும். டாலர் ஏறினால் லாரி வாடகை ஏறும், மாவு மூட்டை விலையும் ஏறும்.

கலிங்கலிங்காவில் சாலையோரமாக வெல்டிங் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. கேட், ஜன்னல் கம்பி, கட்டில், கோழிக்கூண்டு எல்லாம் அங்கேதான் செய்வார்கள். பகலில் போனால் இளைஞர்கள் பாதி செய்த கேட்டுகளின் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். சோம்பேறித்தனம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம். இரவெல்லாம் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறார்கள். ஜெனரேட்டர் வைத்தவர்களும் உண்டு, ஆனால் பெட்ரோல் அப்போது லிட்டர் 30 குவாச்சாவுக்கு மேல். அதில் ஓட்டி கேட் செய்தால் கேட்டவர் வாங்க மாட்டார். ஒரு பட்டறைக்காரர் ஜெனரேட்டர் வாங்க 'கலோபா' எடுத்திருந்தார். நம் ஊர்க் கந்துவட்டிதான் அது. மாதத்துக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி என்றார். வேலை குறைந்து, வட்டி கட்ட முடியாமல், கடைசியில் அந்த ஜெனரேட்டரையே வட்டிக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பணமிருந்தவர்கள் தப்பித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். அக்கா வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. கம்வாலாக் கடைத்தெருவில் சோலார் பலகை வாங்கக் கூட்டம் அலைமோதியது. எங்கள் தெருவில் சில ஜன்னல்களில் வெளிச்சம், சிலவற்றில் ம்பௌலா அடுப்பின் கரிநெருப்பு மட்டும். கரி மூட்டை அடுக்கிய லாரிகள் கிழக்குச் சாலை வழியாக ஊருக்குள் வந்தபடியே இருந்தன. ஒவ்வொரு லாரியும் வெட்டிய மரம். வறட்சியால் மின்சாரம் போய், மின்சாரம் போனதால் காடு போகிறது.

தண்ணீர்க் கதை இதைவிடக் கனமானது. கனியாமா போன்ற கம்பவுண்டுகளில் கீழே சுண்ணாம்புப் பாறை. ஆழமாகக் கழிப்பறைக் குழி தோண்ட முடியாது. கிணறும் ஆழமில்லை. குழாய்த் தண்ணீர் கியோஸ்க்கில் காசு கொடுத்துப் பிடிப்பது. பம்ப் ஓடினால்தான் அதுவும் கிடைக்கும். 2023 அக்டோபரில் தொடங்கிய காலராவில் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். லுசாக்காவின் ஹீரோஸ் விளையாட்டரங்கத்தையே சிகிச்சை முகாமாக மாற்றினார்கள். ஜனவரியில் திறக்க வேண்டிய பள்ளிகள் தள்ளிப்போயின. அத்தான் வகுப்பில் ஒரு மாணவியின் இருக்கை அதற்குப் பிறகு காலி என்று அக்கா சொன்னாள். அத்தான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பள்ளி என்றதும் ஒரு நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நாட்டைப் பற்றி அழுகை மட்டும் எழுதினால் அங்குள்ளவர்களுக்குச் செய்யும் அநியாயம். 2022 ஜனவரியிலிருந்து மேல்நிலைப்பள்ளி வரை கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. பல ஆண்டு முன்னால் படிப்பை விட்டவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். ஒரே ஆண்டில் 30,000 ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தார்கள். அப்படியும் பல அரசுப் பள்ளி வகுப்பில் நூறு பிள்ளைகள், தரையில் உட்கார்ந்து மடியில் நோட்டு வைத்து எழுதுகிறார்கள். கடன் கட்ட முடியாமல் நின்ற காலத்திலேயே இதைச் செய்த நாடு அது. கையில் பணம் இருந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வார இறுதியில் சியாவோங்கா போனோம், கரிபா ஏரியின் ஜாம்பியக் கரையில் இருக்கும் சின்ன ஊர். கரிபா அணை 1950களின் கடைசியில் ஜாம்பெசி ஆற்றின் குறுக்கே எழுந்தது. மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் கொள்ளளவில் உலகிலேயே பெரியது. அதற்காக உலக வங்கி 1956இல் 8 கோடி டாலர் கடன் தந்தது. அணைக்காகப் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 57,000 டோங்கா மக்களை எழுப்பி அனுப்பினார்கள். மின்சாரம் செம்புச் சுரங்கங்களுக்குப் போனது. இன்றைக்கும் ஜாம்பியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி சுரங்கங்களுக்குத்தான் போகிறது. எழுப்பி அனுப்பியவர்களின் கிராமங்கள் பலவற்றுக்குப் பல பத்தாண்டுகள் கம்பமே வரவில்லை.

நாங்கள் போனபோது ஏரி பின்வாங்கிக் கிடந்தது. நீர் இருந்த உயரம்வரை பாறையில் வெளிறிய பட்டை. கப்பெண்டாப் பிடிக்கும் படகுகள் சேற்றைத் தாண்டித் தொலைவில் நின்றன. இரவில் விளக்கைக் காட்டி அந்தச் சின்ன மீனை வலைக்கு வரவைப்பார்கள், அதனால் ஏரிக்குள் மட்டும் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன, ஊர் இருட்டாக இருந்தது. 1,080 மெகாவாட் திறன் கொண்ட வடகரை நிலையத்தில் அந்தச் சமயம் ஆறு எந்திரங்களில் ஒன்றை மட்டும்தான் ஓட்ட முடிந்தது. பத்தில் ஒரு பங்குகூட உற்பத்தி இல்லை.

மழை பொய்த்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. கடனை வாங்கியதும் நீங்களில்லை. 2012, 2014, 2015 என்று மூன்று முறை, மொத்தம் 300 கோடி டாலருக்குப் பத்திரம் விற்றது லுசாக்காவில் இருந்த அரசுகள்தான். முதல் முறை வட்டி 5.6 சதவீதம். செம்பு விலை விழுந்த 2015இல் 9 சதவீதத்துக்கு மேல் கொடுத்தும் வாங்கினார்கள். சீனக் கடனில் சாலையும் விமான நிலையமும் கட்டினார்கள். அந்தப் புது விமான நிலையத்தில்தான் நானும் இறங்கினேன், பளபளப்பாகத்தான் இருக்கிறது. இதற்கெல்லாம் கணக்குக் கேட்க ஜாம்பிய மக்களுக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் வரிசையில் நின்று ஆட்சியை மாற்றிக் கேட்டும்விட்டார்கள்.

ஆனால் நொடித்துப்போன நாடு கையேந்திய பிறகு எவ்வளவு நாள் நிறுத்திவைப்பது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கடன் தீராத நாட்டுக்குப் புதிதாக யாரும் நியாயமான வட்டியில் பணம் போட மாட்டார்கள். தண்ணீரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, சூரிய மின்சாரத்துக்குப் போக வேண்டும் என்பது ஜாம்பியாவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2015, 2019 என்று ஏற்கெனவே இரண்டு முறை வறட்சியில் அடிபட்டவர்கள் அவர்கள். 2021இலோ 2022இலோ கணக்கு முடிந்திருந்தால் அடுத்த வறட்சிக்குக் கொஞ்சமாவது தயாராகியிருக்கலாம். கணக்கு முடிந்தது 2024 ஜூனில். அதற்குள் பயிர் கருகிவிட்டது.

இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போட்ட ஒப்பந்தத்திலும், பத்திரக்காரர்களின் ஒப்பந்தத்திலும் ஒரு விதி உண்டு. ஜாம்பியாவின் நிலைமை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேறினால், அது கூடுதலாகவும் வேகமாகவும் கட்ட வேண்டும். பத்திரங்களில் ஒன்றுக்கு அப்படி நடந்தால் வட்டி 0.5 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாகும், 2053வரை இருந்த தவணை 2035க்கு இழுத்துக்கொள்ளப்படும். சரி, நல்ல காலம் வந்தால் பங்கு கேட்கிறீர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. கெட்ட காலம் வந்தால்? இரண்டாவது பத்திர ஒப்பந்தம் வெளியானது வறட்சிப் பேரிடர் அறிவித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில். அப்போதும், மழை பொய்த்தால் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்ற ஒரு வரிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

அது யாருக்கும் தெரியாத புது யோசனை இல்லை. கிரெனடா 2015லேயே தன் கடன் ஒப்பந்தத்தில் புயலுக்கு அப்படி ஒரு விதி வாங்கியது. பார்படோஸ் அதற்குப் பிறகு வாங்கியது. ஜாம்பியாவின் உடன்பாட்டை நீங்கள் அறிவித்த அதே பாரிஸ் மாநாட்டில்தான், பேரிடர் வந்தால் தவணையை நிறுத்திவைக்கும் வசதியைச் சிறிய நாடுகளுக்குத் தருவதாக உலக வங்கி அறிவித்தது. ஒரே மாநாட்டில் இரண்டு மேசை. ஒன்றில் பேசியது மற்றொன்றுக்கு வந்து சேரவில்லை. வறட்சி முற்றியபோது ஐ.எம்.எஃப் திட்டம் 130 கோடி டாலரிலிருந்து சுமார் 170 கோடியாகக் கூடியது. கிடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த 40 கோடியும் கடன்தான். மழை பெய்யாததற்கு அந்த நாடு மறுபடியும் கடன்பட்டது.

மழை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் மக்காச்சோளம் 36 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது, அந்த நாடு அதுவரை காணாத விளைச்சல். அந்தச் செய்தியைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று கோப்பை மூடிவிடாதீர்கள். கலோபாக்காரர் தூக்கிப்போன ஜெனரேட்டர் நல்ல மழை வந்ததால் திரும்பி வராது. அந்தக் காய்கறிக்கார அம்மா சிலிம்பாவில், நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான், மாதாமாதம் போட்டுவந்த பணத்தை வறட்சி ஆண்டில் பாதியில் நிறுத்தினார். மூத்த மகளுக்குத் தையல் மெஷின் வாங்கச் சேர்த்த பணம் அது. இப்போது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார் என்று அக்கா சொல்கிறாள்.

இனி நான் கேட்க வந்தது. ஒரு நாடு பொதுச் சட்டகத்தில் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடு வையுங்கள். கடன் கொடுத்தவர்களின் குழு கூடுவதற்கு ஒரு மாதம் போதும், ஓராண்டுக்கு மேல் எதற்கு? அந்தக் காலத்தில் நாடு தவணை கட்ட வேண்டாம், கட்டாத தவணைக்கு வட்டி மேல் வட்டியும் ஏறக் கூடாது. கெடுவுக்குள் உங்களுக்குள்ளே ஒத்துப்போக முடியவில்லை என்றால் அதன் செலவு உங்கள் பக்கம் விழட்டும். யாருடைய விட்டுக்கொடுப்பு யாருக்கு ஈடு என்ற கணக்குமுறையை முதலிலேயே எழுதிப் பகிரங்கமாக வையுங்கள். பேசி முடித்த ஒப்பந்தத்தைப் பிறகு ஒருவர் வந்து, ஈடாக இல்லை என்று கலைக்கிற நிலை இன்னொரு நாட்டுக்கு வரக் கூடாது.

இது ஜாம்பியாவுக்காக மட்டும் கேட்பதில்லை. எத்தியோப்பியா 2021இல் விண்ணப்பம் போட்டது. கடன் கொடுத்த அரசுகளோடு கொள்கை அளவில் உடன்பாடு வரவே 2025 மார்ச் ஆயிற்று, நடுவில் அது போரையும் பார்த்துவிட்டது. தமிழ் வாசகர்களுக்கு இலங்கையைச் சொன்னால் எளிதாகப் புரியும். 2022 ஏப்ரலில் கைவிரித்த இலங்கை நடுத்தர வருமான நாடு என்பதால் இந்தச் சட்டகத்துக்குள் வரவே முடியவில்லை, தனியாகக் கதவு கதவாகத் தட்டிப் பத்திரக் கணக்கை முடிக்க 2024 டிசம்பர் ஆனது. 13 மணி நேர மின்வெட்டும், பெட்ரோலுக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் நின்ற வரிசைகளும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு மறந்திருக்காது. அதனால் கதவை அகலப்படுத்துவதும் இதோடு சேர்ந்தது.

இரண்டாவது, இனிமேல் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் புயலுக்கும் ஒரு விதி இருக்கட்டும். ஜாம்பியாவில் வறட்சி வந்துவிட்டதா என்று விவாதம் செய்யத் தேவையே இல்லை. கரிபாவின் நீர்மட்டத்தை ஜாம்பெசி ஆற்று ஆணையம் தொடர்ந்து வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இவ்வளவுக்குக் கீழே போனால் அந்த ஆண்டுத் தவணை கடைசித் தவணைக்குப் பின்னால் போய்விடும் என்று எழுதுங்கள். ஜாம்பியாவோடு ஏற்கெனவே போட்ட ஒப்பந்தத்திலும் இதைச் சேர்க்கலாம். தேறினால் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற விதியைச் சேர்க்க முடிந்தவர்களுக்கு இதையும் சேர்க்க முடியும்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் வாஷிங்டனில் ஐ.எம்.எஃப், உலக வங்கி கூட்டத்துக்குப் போகிறீர்கள். கடன் வட்டமேசையும் அதையொட்டித்தான் கூடுகிறது. இந்த இரண்டையும் அதன் நிகழ்ச்சி நிரலில் வைக்கும் பொறுப்பை, அந்த மேசையைப் பெங்களூருவில் கூட்டிய இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்மலா சீதாராமன் அவர்களைத் தனியாகவும் கேட்டுக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டால் எங்களுக்குத் தெரியும்படி அறிவியுங்கள். லுசாக்காவில் அக்கா வீட்டுக்கும், அங்கிருந்து எம்டெண்டேரேக்கும் அந்தச் செய்தியைச் சொல்லும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி கட்டும் இந்தியக் குடிமகள் ஒருத்தி